சீனச்சட்டி

நாம் இருப்புச்சட்டி என்பதைப் பாலக்காட்டு அண்டை வீட்டார் சீனச்சட்டி என்பர். அவர்கள் மாங்காய் ஊறவைப்பது சீனப்பரணியில். கொச்சித் துறையில் மீன் அள்ளுவது சீனவலையில். நாமோ தேநீரில் சீனி போட்டுக் கலக்குகிறோம். இவ்வளவு சீனம் கலந்த நாட்டில், எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை சீனக் கொழுக்கட்டை பொரிவதை மட்டும் விந்தையாகக் காண்பானேன்? ஆயினும் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மைய அரசின் எழுத்தர் வேலையில் மாற்றல் ஆணை மழையைப் போன்றது. நம்மைக் கேட்டு வருவதில்லை. 2009ஆம் ஆண்டு, மணமான புதிதில், கொல்கத்தாவுக்குச் சென்றோம். பெளபஜாருக்கு அருகில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியறை. கீழே ஒரு சீன மூதாட்டி தனித்து வாழ்ந்தார். அருகேயுள்ள திரெட்டா பஜாரில் விடியற்காலையில் சீனச் சிற்றுண்டி விற்பார்கள். அங்குக் கடை போடுவோருக்குக் கொழுக்கட்டை மடித்துக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. ஈராண்டுகள் புன்னகையோடு கடந்து சென்றோமே தவிர, அவர் நீட்டிய தட்டை ஒருமுறையும் வாங்கவில்லை. என்ன இறைச்சியோ என்ற ஐயம்தான். அதை இன்று எண்ணினாலும் கூச்சமாக இருக்கிறது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பூசல் முற்றியது. உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இருந்த அம்மா, மற்றத் தமிழ்க் குடும்பங்களோடு இரவோடிரவாகப் போடிமெட்டு வழியே இறங்கிப் போடிநாயக்கனூர் சேர்ந்ததாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. தாத்தா காலத்திலிருந்து வாழ்ந்த இடம். பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்தாரிடம் சாவியையும் இரண்டு ஆடுகளையும் ஒப்படைத்துவிட்டு வந்தாராம். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

மாலையில் மூதாட்டி, ஈரத்துணி போர்த்திய மாவுடன் மாடியேறி வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உட்காருங்கள், மடியுங்கள்" என்றார். மடிக்கும்போதுதான் தம் கதையைச் சொன்னார். தேயிலை வேலைக்காக வெள்ளையர் அழைத்து வந்த சீனர் குடியேறிய அசாம் மாக்குமில் பிறந்தவர். 1962 நவம்பரில், சீனப் போரின்போது, பத்து வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் புகைவண்டியில் ஏற்றப்பட்டு இராசத்தானத்தின் தேவுளித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இந்தியாவில் வாழ்ந்த சீனர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அங்கே அடைக்கப்பட்டனர்; கடைசிக் குடும்பங்கள் 1967இல்தான் வெளிவந்தன. மாக்கும் வீடு திரும்பக் கிடைக்கவில்லை. முகாமிலும் மாவு கிடைத்த நாளில் அவருடைய தாயார் வெறுங்கோசை வைத்து மடித்தாராம்.

அன்று கற்றதை அப்படியே சொல்கிறோம். மைதா இரண்டு கோப்பைக்குக் கொதிநீர் முக்கால் கோப்பை. பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு வேகவைப்பதற்கு ஏற்றது. பொரிப்பதற்குக் கொதிநீர்தான் மென்மை தரும். நம் கொழுக்கட்டை மாவுக்குக் கொதிநீர் ஊற்றுவோர்க்கு இது புதிதன்று. அரைமணி நேரம் மூடிவைத்து, உள்ளங்கை அகல வட்டங்களாக, ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் இருக்கத் தேய்க்கவேண்டும். கொத்திய இறைச்சி கால் கிலோ. இறால் நூற்றைம்பது கிராம். இறாலை அரைத்துவிடலாகாது, பல்லில் படும்படி நறுக்கவேண்டும். கோசுக்கு உப்பிட்டுப் பிழியாவிட்டால் மடிப்பு கிழியும். இஞ்சி, வெங்காயத்தாள், சோயாச் சாறு, சிறிது நல்லெண்ணெய். இவற்றுடன் மூன்று கரண்டி நீரைச் சிறிது சிறிதாக விட்டு ஒரே பக்கமாகக் கிளறினால், நீரை இறைச்சி குடித்துக்கொண்டு பின்னர் சாறாகத் திருப்பித் தரும்.

தட்டையான சட்டியில் எண்ணெய் விட்டு அடுக்கி, அடி சிவந்ததும் அரைக்கோப்பை நீர் ஊற்றி உடனே மூடவேண்டும். ஆறேழு நிமிடங்களில் நீர் வற்றி, 'சொய்' என்ற ஓசை 'சடசட' என்று மாறும், அப்போது திறக்கலாம். சீனர் இதற்கிட்ட பெயர் குவோத்தியே; சட்டியில் ஒட்டியது என்பது பொருள். எங்கள் முதற்சட்டி பெயருக்கேற்ப ஒட்டித்தான் போயிற்று. சுரண்டித் தின்றோம்.

பொங்கலுக்கு முன் அம்மா தோட்டத்துக்குத் திரும்பினார். ஆடுகள் கொழுத்திருந்தன. 2012இல் எங்களுக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் கிடைத்தது. மூதாட்டிக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கு விடை வரவில்லை. மூன்றாவதை எழுதத் துணிவில்லை.

இப்போது அம்மா எங்களோடு இருக்கிறார். பன்றியிறைச்சி அவருக்கு ஆகாது, ஆகவே கோழித்தொடை. கடலில்லாத பாலக்காட்டுக்கு இறால் பொன்னானிப் பக்கமிருந்து வருகிறது. கோசு, இடுக்கியின் வட்டவடையிலிருந்து.

சென்ற மாதம் பள்ளிப்பாடம் படித்த மகன், சீனாவின் குவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருப்பதாகவும், அங்குத் தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பியதாகவும் சொன்னான். அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டான். கல்வெட்டில் அது இல்லை. அம்மா நிமிராமல் மடித்துக்கொண்டே, "கிடைத்ததைத்தான்" என்றார். பிறகு புளிக்காடியைத் தள்ளிவைத்துவிட்டுத் தேங்காய்ச் சட்டினி கேட்டார்.