காட்டுப்பன்றியும் எங்கள் வேலியும்

1984ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். எங்கள் லயத்தின் பின்புறம், ஓடையை ஒட்டிய நிலத்தில் அம்மா மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டிருந்தார். கிழங்கு விற்ற பணத்தில்தான் எனக்கும் தங்கைக்கும் புத்தகங்களும் காலணிகளும் வாங்குவது வழக்கம்.

ஒருநாள் விடியற்காலை, அப்பா பிரட்டுக்குப் புறப்படும் வேளையில், கொல்லைப்புறம் சென்ற அம்மா, "ஐயோ! எல்லாம் போயிற்றே!" என்று அலறினார். ஓடிச் சென்று பார்த்தோம். ஏர் பூட்டி உழுததுபோல் நிலம் புரண்டு கிடந்தது. இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து போயிருக்கிறது. தின்றது பாதி, மிதித்து அழித்தது மீதி.

அப்பாவுக்குக் கோபம் பொங்கியது. "வீட்டிலிருந்து மின்கம்பியை இழுத்து வேலியில் கட்டிவிடுகிறேன். இனி ஒரு பன்றியும் உயிரோடு திரும்பாது" என்றார்.

அம்மா அமைதியாகக் கேட்டார்: "அந்தப் பாதையில் இருட்டில் நடப்பது யார்? பால் வெட்டப் போகும் நாமும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும்தானே? கிழங்கு போனால் மறுபடி நடலாம். பிள்ளை போனால்?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பத்தார் ஒன்றுகூடினோம். பழைய தகரங்களைச் சேர்த்து வேலி அமைத்தோம். பன்றி மூக்கால் தோண்டிக் கீழ்வழியே நுழையும் விலங்கு. ஆகையால் தகரத்தின் அடிப்பகுதியை அரை முழம் ஆழத்தில் புதைத்தோம். பன்றி மறைந்து நிற்கும் லாலான் புல்லையும் புதரையும் வெட்டினோம். அதற்கு மோப்ப ஆற்றல் மிகுதி என்பதால், உதிர்ந்த பலாப்பழங்களை அன்றன்றே அகற்றினோம். முற்றிய கிழங்கைக் காலம் தாழ்த்தாமல் தோண்டினோம். வாரந்தோறும் வேலியைச் சுற்றிப் பார்ப்பது சிறுவர்களாகிய எங்கள் கடமை. இருமுறை பன்றிகள் தகரத்தைப் பெயர்த்தன, இருமுறையும் செப்பனிட்டோம். மறு ஆண்டு சனவரியில் பள்ளி திறந்தபோது, என் காலில் புதுக்காலணி இருந்தது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. இளங்கன்றின் குருத்தைப் பன்றிகள் தின்றுவிடுவதால், கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டுகிறார்கள். மின்வேலி அமைப்போர், விட்டுவிட்டுக் கணநேர அதிர்ச்சி மட்டும் தரும் கருவியையே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகப் பாய்ச்சினால், அது மனிதரையும் கொல்லும்.

தீபகற்ப மலேசியாவில் உரிமம் இன்றிக் காட்டுப்பன்றியை வேட்டையாடுவதை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மலாயாப் புலிக்கு முக்கிய இரையும் இப்பன்றியே. அப்புலிகளோ 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

மாணவ மணிகளே! பயிரைக் காப்பது நம் கடமை. ஆனால், கோபத்தில் போடும் வேலி யாரைத் தாக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். அன்று அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியே எங்கள் லயத்தைக் காத்த முதல் வேலி.