ஆபாவின் கையில் ஒரு போன்

டாக்கா

அன்புள்ள டீச்சருக்கு,

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இதழின் ஆசிரியர் எனக்கு அனுப்பிவைத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கிறார்கள், பார்த்து அழகாக எழுதுகிறார்கள், ஆனால் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வங்கதேசத்தில் போனை வைத்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்களாமே, நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், அது உண்மையிலேயே பலன் தந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதே கேள்வி இன்னும் பல ஆசிரியர்களுக்கு இருக்கும் என்று தோன்றவே, இந்த மாத மடலை உங்கள் பெயருக்கே எழுதிவிட்டேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2009 நவம்பரில் பிபிசியின் உலக சேவை அறக்கட்டளை இங்கே 'பிபிசி ஜானாலா' என்ற சேவையைத் தொடங்கியது. போனில் 3000 என்ற எண்ணை அழுத்தினாலே 3 நிமிட ஆங்கிலப் பாடம் காதில் ஒலித்தது. அப்போது நாட்டில் இருந்த 6 மொபைல் நிறுவனங்களும் இந்த எண்ணுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன. ஒரு பாடம் கேட்க ஒரு டீயின் விலைகூட ஆகவில்லை. முறைப்படி தொடங்கிவைப்பதற்கு முன்பே 3 லட்சம் பேருக்கு மேல் அழைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியிலும் நாளிதழிலும்கூடப் பாடங்கள் வந்தன. ஆனாலும் மக்கள் மனதில் நின்றது அந்த நான்கு இலக்க எண்தான்.

அன்றைக்கு இங்கே பெரும்பாலோர் கையில் இருந்தது பட்டன் போன். நெட் கிடையாது, ஆப் கிடையாது. அந்த போனால் எது முடியுமோ அதற்குள்ளேயே பாடத்தை அமைத்ததுதான் இந்தச் சேவையின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்காது. வங்காளத்தில் விளக்கிவிட்டு ஆங்கில வாக்கியத்துக்கு வருவார்கள். 1952 பிப்ரவரி 21-இல் தாய்மொழிக்காக மாணவர்கள் உயிரைக் கொடுத்த ஊர் இது. இங்கே ஆங்கிலம் தாய்மொழியைத் தள்ளிவிட்டு வராமல், அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. நம் ஊர் ஆங்கில வகுப்புகளில் தமிழில் விளக்குவதை ஏதோ குற்றம்போல் பார்க்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நான் திருப்பூர்க்காரன். இங்கே ஆடை ஆலைகளில்தான் வேலை. டாக்கா பக்கத்து ஆஷுலியாவில் நான் இருந்த ஆலையில் தையல் லைன் ஒன்றுக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன் சூப்பர்வைசராக இருந்தான். தையலில் கெட்டிக்காரன். எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஆடை வாங்கும் நிறுவனத்தின், அதாவது பையரின், ஆட்கள் தரம் பார்க்க வந்தால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவான். வங்காளத்தில் நம்முடைய 'வ' ஒலி கிடையாது. நாம் பனியன் என்கிற வெஸ்ட் அவன் வாயில் 'பெஸ்ட்' ஆகிவிடும். "பெஸ்ட் ரெடி ஸார்" என்று அவன் ஒருமுறை சொல்ல, வந்த வெள்ளைக்காரர் எது பெஸ்ட் என்று திருப்பிக் கேட்க, லைனில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவன் ஆங்கிலத்தில் பேசுவதையே விட்டுவிட்டான்.

சில மாதங்கள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனைப் பார்த்தேன். போன் காதில் இருந்தது. மேல்பல்லைக் கீழுதட்டில் பதித்து, சுவரைப் பார்த்தபடி, "வெஸ்ட், வெரி, வெல்வெட்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டான். "ஸ்கூலில் தப்பாகச் சொன்னால் மாஸ்டர் திட்டுவார், பையன்கள் சிரிப்பார்கள். இதில் எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது ஸார்" என்றான்.

டீச்சர், போனால் மொழி கற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் படம், விளையாட்டு, மதிப்பெண் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்த பெரிய பலன் இந்தப் பையன் சொன்னதுதான். கூச்சப்படாமல் தப்புப் பண்ண ஓர் இடம் வேண்டும். அதை அந்த எண் அவனுக்குக் கொடுத்தது.

ஆனால் அவன் 'வ' சரியாக வந்ததா? பாதிதான் வந்தது. பாடத்தில் சொல்லித்தந்த குரலுக்கு அவன் குரல் கேட்காதே. உதட்டை எங்கே வைக்கிறான் என்று பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகு நானும் அவனும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். அவன் எனக்கு வங்காளம் திருத்துவான், நான் அவனுக்கு ஆங்கிலம் திருத்துவேன். பழகப் பழக அவனே பையரின் ஆட்களை லைன் லைனாக அழைத்துக்கொண்டு போய் விளக்க ஆரம்பித்தான்.

அந்த 'எதிரே ஓர் ஆள்' பள்ளிக்கூடத்தில் யார்? ஆசிரியர்தான். இனி சொல்லப்போவது உங்களுக்கு நேராகப் பயன்படும்.

3000 என்ற எண் ஒரு பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. 'இங்கிலீஷ் இன் ஆக்‌ஷன்' என்பது திட்டத்தின் பெயர். பிரிட்டன் அரசின் உதவிப்பணம் 5 கோடி பவுண்டு; 2008-இல் தொடங்கி 2017 வரை நடந்தது. 2.5 கோடிப் பேருக்கு ஆங்கிலம் கொண்டுசேர்ப்பது இலக்கு. பள்ளிக்கூடப் பகுதியைப் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி வடிவமைத்தது. அவர்கள் போனைக் கொடுத்தது பிள்ளைகளுக்கு அல்ல, ஆசிரியர்களுக்கு.

காரணம் இருந்தது. இங்கே முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயம். ஆனால் பொதுத்தேர்வில் கேட்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், எழுதினால் போதும். அப்படியே படித்து வந்தவர்கள்தான் ஆசிரியர் ஆனார்கள். ஆங்கிலத்தில் நாலு பேர் பேசிக்கொள்வதைக் காதால் கேட்ட அனுபவமே இல்லாதவர் எப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பார்? பயிற்சி என்று ஊரை விட்டு அழைத்துப்போய், விரிவுரை நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், திரும்பி வந்து பழையபடி கரும்பலகையில் எழுதிப்போடுவார். நம் ஊரிலும் இந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

முதலில் சில நூறு ஆசிரியர்களுக்கு ஐபாட் கொடுத்துப் பார்த்தார்கள். நாடு முழுக்கக் கொடுக்க அது கட்டுப்படியாகாது. பிறகு விலை குறைந்த நோக்கியா போன் ஒன்றும், அதற்குள் ஒரு மெமரி கார்டும், சார்ஜ் போட்டுக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் என்று ஆக்கினார்கள். கார்டில் இரண்டு வகைச் சரக்கு இருந்தது. ஒன்று, ஆசிரியர் தனியாகப் பார்க்க வேண்டிய வீடியோக்கள். இந்த நாட்டுச் சாதாரணப் பள்ளிகளில், இந்த நாட்டு ஆசிரியர்களே நடத்திய வகுப்புகள். இன்னொன்று, வகுப்பில் போட வேண்டிய ஒலிப்பதிவுகள். அரசுப் பாடநூலான 'இங்கிலீஷ் ஃபார் டுடே'யின் பாடங்களை ஒட்டிய உரையாடல், பாட்டு, கதை. எல்லாம் கார்டிலேயே இருப்பதால் சிக்னல் தேவையில்லை. ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை மட்டும் எடுக்காமல் இரண்டு பேராகச் சேர்த்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அவ்வப்போது கூடி, செய்து பார்த்ததைப் பேசிக்கொண்டார்கள். இந்த இரண்டு பேர் ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்யும் ஆசிரியர் தனியாக இருந்தால் பள்ளியே அவரை வேடிக்கை பார்க்கும்.

என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் அக்கா மைமன்சிங் மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவர் வகுப்பில் ஒருநாள் உட்கார வாய்த்தது. பிள்ளைகள் அவரை 'ஆபா' என்பார்கள், அக்கா என்கிற மாதிரி. தகரக் கூரை, மூன்றாம் வகுப்பு, பெஞ்சுக்கு ஐந்து பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஸ்பீக்கரை வைத்து போனில் ஒரு பட்டனை அழுத்தினார். இரண்டு குழந்தைகள் பேசிக்கொள்ளும் உரையாடல். ஒரு குழந்தை பெயரைக் கேட்டதும் ஆபா சட்டென்று நிறுத்திவிட்டார். வகுப்பே பதில் சொன்னது. மறுபடி ஓடவிட்டார், மறுபடி நிறுத்தினார். பிறகு கையால் ஒரு சைகை காட்டினார். முன் பெஞ்சுப் பிள்ளைகள் அத்தனை பேரும் காலைத் தூக்கிப்போட்டுப் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, எதிரே இருந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். நகர்த்த முடியாத பெஞ்சில் ஜோடி ஜோடியாகப் பேசவைக்கும் வழி அது. வீடியோவில் இன்னோர் ஊர் ஆசிரியர் செய்ததைப் பார்த்துக் கற்றதாகப் பின்னால் சொன்னார்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் விழுந்த மழையில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் காணாமல் போனது. ஆபா போனை அணைத்துவிட்டு, உரையாடலின் மிச்சத்தைத் தன் குரலிலேயே, சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு பேசி முடித்தார். பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மதியம் அவர் வீட்டில் சாப்பிடும்போது, இப்படிப் பேச எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். ராத்திரி சமையல் முடிந்து எல்லாரும் படுத்த பிறகு, அந்தக் குட்டித் திரையில் வீடியோவைப் பார்த்து, ஒலிப்பதிவோடு சேர்ந்து தானும் பேசிப் பழகுவாராம். புருஷனுக்கும் தெரியாதாம், முதலில் பல மாதங்கள். என் ஆலைப் பையனுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மறைவு கிடைத்த மாதிரி இவருக்கு ராத்திரி அடுப்படி. ஒரு போன் அவரைத் தேற்றியது, அவர் ஒரு வகுப்பையே தேற்றினார். கொடுக்கும் பணத்துக்கு இதைவிடப் பெரிய பலன் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

போனை நேராகப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்தது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2021 செப்டம்பரில்தான் திறந்தன. நாடாளுமன்றத்தின் சங்சத் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வசதியான பள்ளிகள் போனில் வகுப்பு எடுத்தன. எங்கள் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் ஒரு போன் இருக்கும். அது அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. அது ராத்திரிதான் வீடு திரும்பும். திரும்பிய பிறகும் பையன் பார்த்து முடித்த மிச்ச நேரமும் மிச்ச டேட்டாவும்தான் பெண்பிள்ளைக்கு. அந்தப் பிள்ளைகளில் சிலர் பள்ளி திறந்தபோது திரும்பிப் போகவே இல்லை. ஹெல்பர் வேலை கேட்டு எங்கள் ஆலை வாசலுக்கு வந்தார்கள். நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

வளர்ந்தவர்களின் நிலைமை வேறு. ஆய்மான் சாதிக் 2015-இல் தொடங்கிய 'டென் மினிட் ஸ்கூல்' இன்று இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர். அதில் முன்ஸெரின் ஷாஹித் நடத்தும் பேச்சு ஆங்கிலப் பாடங்களை எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்ப்பார்கள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்த இருபது வயதுக்காரருக்கு அது நல்ல துணை. உங்கள் ஆறாம் வகுப்புக்கு அதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எந்த ஆப் நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் போனில் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவியே போதும் என்று தொடங்குங்கள். பாடத்தில் வரும் உரையாடலை நீங்களும் இன்னோர் ஆசிரியரும் சேர்ந்து, பல தடவை பழகி, நிதானமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். உச்சரிப்பில் சந்தேகம் என்றால் முதலில் நல்ல ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். தினமும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அதைப் போடுங்கள். ஆபா மாதிரி நடுவில் நிறுத்துங்கள். பதில் பிள்ளைகள் வாயிலிருந்து வரட்டும். அழைப்பு வந்து கெடுக்காதபடி போனை ஃபிளைட் மோடில் வைத்துவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்துப் பிள்ளைகள் குரலையும் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டலாம். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று தானே கண்டுபிடிக்கும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிவுகளைப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். நன்றாகப் பேசிய பிள்ளையின் பதிவைக்கூட வேண்டாம். ஒன்றைப் போட்டால் மற்றவை ஏன் வரவில்லை என்று வீட்டில் கேள்வி வரும். தப்பாகப் பேசிய பிள்ளை மறுநாள் வாயைத் திறக்காது. வகுப்பில் கேட்டுவிட்டு அங்கேயே அழித்துவிடுங்கள்.

அந்த ஆபாவிடம் போன வாரம் போனில் பேசும்போது உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், உட்காருவது பெஞ்சிலா தரையிலா, கூரை தகரமா கான்கிரீட்டா என்று உடனே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
டாக்காவிலிருந்து உங்கள் திருப்பூர்க்காரன்