ஜோடியாக லாஸ் வேகஸ்... ரசிக்க இலவசம், உட்கார்ந்தால் செலவு!

விமானத்தை விட்டு இறங்கி, பெட்டியை எடுக்கப் போகும் வழியிலேயே கண்ணில் படுகின்றன ஸ்லாட் மெஷின்கள். ஆம், லாஸ் வேகஸின் ஹாரி ரீட் சர்வதேச விமான நிலையத்துக்குள்ளேயே சூதாடலாம். 'ஊருக்குள் போகும்வரைகூடப் பொறுக்க மாட்டார்களா?' என்று முதல்முறை வருபவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால், இந்த ஊர் எப்படி இயங்குகிறது என்பதை அந்த மெஷின்களே சொல்லிவிடுகின்றன.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் இந்த நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பேர் வருகிறார்கள். புதுமணத் தம்பதி முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை ஜோடிகளுக்குக் குறைவில்லை. முதல்முறை செல்லும் கணவன் மனைவி எதையெல்லாம் ரசிக்கலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

1931 செய்த மாயம்

ஸ்பானிய மொழியில் 'லாஸ் வேகஸ்' என்றால் புல்வெளிகள். பாலைவனத்தில் ஊற்றுநீர் கிடைத்த இடம் என்பதால் வந்த பெயர். 1905-ல் ரயில்வே நிறுவனம் நிலத்தை ஏலம் விட, ஊர் பிறந்தது.

அதன் தலையெழுத்தை மாற்றியது 1931. அந்த ஆண்டில்தான் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஹூவர் அணையின் கட்டுமானம் தொடங்கியதும் அப்போதுதான். விவாகரத்துக்கு 6 வாரம் மாநிலத்தில் தங்கினாலே போதும் என்று சட்டம் மாறியதும் அதே ஆண்டில்!

பிரிவது மட்டுமல்ல, சேர்வதும் இங்கே சுலபம். திருமண லைசென்ஸ் வழங்கும் அலுவலகம் தினமும் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். காத்திருப்புக் காலமும் கிடையாது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1967-ல் பிரிசில்லாவைக் கரம்பிடித்தது இந்த ஊரில்தான். இன்றும் எல்விஸ் வேடமிட்டவர் முன்னிலையில் மணமுடிக்கிறார்கள். ஏற்கெனவே திருமணமானவர்கள், மீண்டும் ஒருமுறை உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள்.

பைசா செலவில்லாமல் பார்க்கலாம்

பிரமாண்ட ஹோட்டல்கள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்கு 'ஸ்ட்ரிப்' என்று பெயர். நீளம் சுமார் 6.8 கி.மீ. இங்கே காசு கொடுக்காமல் ரசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் பெலாஜியோ ஹோட்டலின் நடன நீரூற்று. எட்டரை ஏக்கர் ஏரியில், இசைக்கு ஏற்ப ஆடும் நீர் 140 மீட்டர் உயரம் வரை பாயும். மாலையில் சற்று முன்னதாகவே போனால், எதிரே பாரிஸ் ஹோட்டலின் பாதி அளவு ஈஃபிள் டவரில் விளக்குகள் எரியத் தொடங்குவதையும் சேர்த்துப் பார்க்கலாம். பெலாஜியோவுக்குள் இருக்கும் மலர்த் தோட்டத்துக்கும் கட்டணமில்லை. வெனிஷியன் ஹோட்டலில் வானம்போல வரைந்த கூரைக்குக் கீழே கால்வாய் ஓடும். படகில் ஏறினால்தான் கட்டணம், கரையில் நடக்கக் காசு வேண்டாம்.

2023-ல் திறக்கப்பட்ட 'ஸ்பியர்', 112 மீட்டர் உயர ராட்சதப் பந்து. உள்ளே போக டிக்கெட் உண்டு. வெளிப்புறம் முழுக்க ஒளிரும் காட்சிகள் தெருவில் நிற்பவர்களுக்கு இலவசம். பழைய லாஸ் வேகஸைப் பார்க்க விரும்பினால், இரவு பகலாக ஓடும் டியூஸ் பேருந்தில் ஃப்ரீமான்ட் தெருவுக்குப் போகலாம். அங்கே தெருவுக்கு மேலே கூரையாக நீளும் திரையில் ஒளிக்காட்சி நடக்கும்.

ஒரு எச்சரிக்கை... கட்டடங்கள் அவ்வளவு பெரியவை என்பதால் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நடந்தால் கால் ஓய்ந்துவிடும். சில ஹோட்டல்களுக்கு இடையே இலவச டிராம் ஓடுகிறது. பழைய பயணக் குறிப்புகளையும் அப்படியே நம்பக் கூடாது. பலரும் பரிந்துரைத்த மிராஜ் ஹோட்டலின் செயற்கை எரிமலை இப்போது இல்லை. அந்த ஹோட்டலே 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

சக்கரம் யாருக்காகச் சுற்றுகிறது?

பல ஹோட்டல்களில் ரிசப்ஷனிலிருந்து லிஃப்டுக்குப் போக வேண்டுமானால், கேசினோவைக் கடந்துதான் போக வேண்டும். ஜன்னலோ கடிகாரமோ கண்ணில் படுவது அரிது. விளையாடுபவர்களுக்கு மதுவும் இலவசமாகவே வரும். பணியாளருக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம். சூதாட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, 'சும்மா ஒரு ஆட்டம்' என்று உட்காரும் முன் ஒரு சின்னக் கணக்கு...

அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 கட்டங்கள். 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு 0, ஒரு 00. ஒரே எண்ணில் 38 முறை 10 டாலர் வைத்தால், மொத்தம் வைப்பது 380 டாலர். சராசரியாக ஒருமுறை ஜெயிக்கலாம். ஒன்றுக்கு 35 மடங்கு என்பதால், வைத்த 10 டாலரையும் சேர்த்துக் கைக்கு வருவது 360. மீதி 20 டாலர் கேசினோவுக்கு. யாரும் ஏமாற்றவில்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சில மேஜைகளில் மூன்று பூஜ்ஜியங்கள் இருக்கும், அங்கே இழப்பு இன்னும் அதிகம்.

ஒரு இரவில் யாரும் ஜெயிக்கலாம். ஆனால், நேரம் கூடக் கூட இந்தக் கணக்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'விட்டதைப் பிடித்துவிடலாம்' என்று ஒருவரும், 'போதும், எழுந்திருங்க' என்று இன்னொருவரும் சொல்லும் இடத்தில்தான் பல ஜோடிகளின் பயணம் கசந்துபோகிறது.

அதனால், எவ்வளவு பணம் என்பதை இருவரும் ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள். சினிமா டிக்கெட் போல, திரும்பி வராத பணம் என்று நினைத்து அதை மட்டும் ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். ஏ.டி.எம் கார்டு அறையிலேயே இருக்கட்டும். ஒருவர் 'போதும்' என்றால் மற்றவர் மறுபேச்சின்றி எழ வேண்டும் என்பதையும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

சூதாடாவிட்டால் தப்பித்தோமா?

அதுவும் இல்லை! ஸ்ட்ரிப்பில் உள்ள பெரிய ரிசார்ட்களின் வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு பாதியைவிடக் குறைவு. அறை, உணவு, மது, நிகழ்ச்சி டிக்கெட் ஆகியவைதான் மீதி. பல ஹோட்டல்களில் வாடகையோடு 'ரிசார்ட் ஃபீ' என்று ஒரு நாள் கட்டணமும் சேரும். எனவே, புக் செய்யும்போது வரி உட்பட மொத்தத் தொகையைப் பாருங்கள். வார இறுதியைத் தவிர்த்து, திங்கள் முதல் வியாழன் வரை தங்கினால் வாடகை பெரும்பாலும் குறையும். பெரிய மாநாடு நடக்கும் வாரங்கள் மட்டும் விதிவிலக்கு.

ஒரு பகல் ஊருக்கு வெளியே

மூன்று நாள் பயணம் என்றால், ஒரு பகலை விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே செலவிடலாம். மேற்கே அரை மணி நேரக் கார் பயணத்தில் செம்பாறைகள் நிறைந்த ரெட் ராக் கேன்யன். அக்டோபர் முதல் மே வரை அதற்கு முன்பதிவு தேவை. தென்கிழக்கே முக்கால் மணி நேரத்தில் 221 மீட்டர் உயர ஹூவர் அணை. கோடையில் போவதானால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். 2024 ஜூலையில் இங்கே வெயில் 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

அணையின் மேலே நின்றால், கொலராடோ ஆற்றைத் தேக்கிய மீட் ஏரி தெரியும். லாஸ் வேகஸ் குடிக்கும் தண்ணீரில் சுமார் 90 சதவிகிதம் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. ஏரியின் ஓரப் பாறைகளில் தெரியும் வெள்ளைப் பட்டை, நீர்மட்டம் ஒரு காலத்தில் எங்கே இருந்தது என்பதைக் காட்டும். ஊரின் கையிருப்பு எவ்வளவு என்று சொல்லும் பாஸ்புக் அதுதான்!