வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஊர் திரும்ப இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன. நியூ ஜெர்சியின் எடிசன் நகரில், மகன் வீட்டுக் கூடத்தில் நான்கு பெட்டிகள் வாயைத் திறந்து கிடக்கின்றன. நாங்கள் இருவரும் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறோம். மே மாத இறுதியில் வந்தவர்கள். நுழைவின்போது அளித்த ஆறு மாத அனுமதி இந்த நவம்பரோடு முடிகிறது. ஆனால் எங்களுக்கு நாட்காட்டியாக இருந்தவை மயிலாப்பூர் மருந்துக் கடையில் ஆறு மாதத்துக்கும் சேர்த்து வாங்கி வந்த இரத்த அழுத்த மாத்திரைகள்தாம். அட்டைகள் கரையக் கரைய ஊர் நெருங்கி வந்தது. இப்போது ஒரே ஓர் அட்டை மீதமிருக்கிறது.

நவம்பர் முதல் ஞாயிறன்று இந்நாட்டில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். அதுவரை ஒன்பதரை மணி நேரத் தொலைவில் இருந்த மயிலாப்பூர் அன்று காலை முதல் பத்தரை மணி நேரத் தொலைவுக்குப் போய்விட்டது. கிளம்புகிற வேளை பார்த்து ஊர் இப்படி விலகிப் போவானேன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

ஆளுக்கு இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு 23 கிலோ. எங்களில் ஒருவர் முதலில் வெறுங்கையோடு எடை இயந்திரத்தின் மீது ஏறி நிற்க வேண்டும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர் குனிந்து எண்ணைப் படித்துக் கழித்துச் சொல்ல வேண்டும். இந்த வயதில் இது ஒரு தேகப்பயிற்சி. ஆனால் எடையைவிடப் பெரிய சிக்கல், உள்ளே எதை வைப்பது என்பதுதான். எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரும்பினால் அவர் பெட்டியைத் திறப்பதைப் பார்க்க அண்டை வீட்டாரும் வந்து உட்காருவார்கள். டேப் ரெக்கார்டரும் வாசனைச் சோப்பும் அப்போது அதிசயங்கள். 1991க்குப் பின் கதவுகள் திறந்துவிட்டன. இங்கே நாங்கள் தேடித் தேடி வாங்கும் பாதாமும் சாக்லேட்டும் இன்று பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளிலேயே கிடைக்கின்றன. வரும்போது மட்டும் என்ன வாழ்ந்தது? ரங்கநாதன் தெருவின் நெரிசலில் இடிபட்டு வாங்கி வந்த அப்பளமும் வடகமும் இங்கே ஓக் ட்ரீ சாலையின் இந்தியக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கிடைக்காதவற்றைக் கொண்டு செல்வதற்காகவா பெட்டி? வெறுங்கையோடு போனால் நினைத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடுமே, அதற்காகத்தான்.

பெட்டியின் எடையைப் பற்றிய பேச்சில் ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வந்தார். நியூயார்க்கில் புகைப்படக் கலை பயின்றவர் அவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், அந்நகரிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதற்காகப் பிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றி, ஐம்பதாயிரம் அடிப் படச்சுருள் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். கப்பலில் ஏறும்போது அவரிடம் இருந்த பெட்டிகளில் என்னென்ன இருந்தனவோ; கரை சேர்ந்தது எடையில்லாத அந்த ஓர் எண்ணம்தான். அவரோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. திரும்பிப் போகிறவன் எதைக் கொண்டு போகிறான் என்று ஒருமுறை யோசிக்க வைத்தார், அவ்வளவே.

நிற்க. பெட்டிகளுக்கு அப்பால், சாப்பாட்டு மேசை மீது இரண்டு வாரங்களாக ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. மகன் இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவன். அத்தகையோர் தம் பெற்றோருக்கு நிரந்தரக் குடியிருப்பு கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது. ஆனால் பெற்றுக்கொண்டவர் இங்கேயே வாழ வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் உரிமையைக் கைவிட்டதாகக் கருதப்பட நேரும். அதாவது, மயிலாப்பூர் வீடு நாங்கள் விடுமுறைக்குப் போய்வரும் இடமாகிவிடும். மகன் வற்புறுத்தவில்லை. "படிச்சுப் பாருங்கோப்பா, அவசரமில்லை" என்று மட்டும் சொன்னான். தினமும் மேசையைத் துடைக்கும்போது அந்தக் கட்டை எடுத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தோம்.

நேற்று மாலை ஆறு வயதுப் பேத்தி ஒரு பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "பாட்டி, உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லடா கண்ணு."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

அறையில் மகனும் மருமகளும் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. இரவு முழுவதும் அதற்கு விடை தேடினோம்.

இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமைகளில் நூலகம், ஞாயிறுகளில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காரை எடுக்க வேண்டும். கொத்தமல்லி தீர்ந்தது என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். சொன்னால் களைத்து வந்த பிள்ளை மறுபடியும் செருப்பை மாட்டுவான். ஆறு மாதங்களில் நாங்கள் அதிகம் பழகிக்கொண்டது கேட்காமல் இருப்பதைத்தான். மயிலாப்பூரில் நாங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வடக்கு மாட வீதியில் கீரை வாங்கி, குளக்கரையோரமாக நடந்து, கபாலியை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்ப அரை மணி நேரம் போதும். ஊர் அப்படியே இருக்கும் என்ற மயக்கமும் எங்களுக்கு இல்லை. நாங்கள் கிளம்பிய நாளில் லஸ் முனை மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகளுக்குள் கிடந்தது. ஐப்பசி மழையில் பின்கட்டுச் சுவர் ஓதம் காத்திருக்கும் என்று சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமி முன்னறிவிப்புச் செய்துவிட்டார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. எங்களில் ஒருவர் மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுபவர். உயிருடன் இருப்பதற்கான சான்றை நவம்பர் முடிவதற்குள் அளித்தாக வேண்டும். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அளித்துவிடலாம் என்றான் மகன். வங்கிக்கு நேரில் போவதாகச் சொல்லிவிட்டோம். ஆண்டுதோறும் அந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கும் நண்பர் ஒருவர் உண்டு. நாகேஸ்வர ராவ் பூங்காவில் எங்களோடு இருபது ஆண்டுகள் நடந்தவர். அடையாறு காந்தி நகருக்குக் குடிபெயர்ந்த பிறகும் வங்கிக் கணக்கை மட்டும் மயிலாப்பூரிலிருந்து மாற்ற மறுத்தவர். இந்த ஆண்டு அவர் வரிசைக்கு வரமாட்டார். ஆகஸ்டில் காலமாகிவிட்டார். செய்தி கைப்பேசியில் வந்தபோது இங்கே நள்ளிரவு. அவர் மனைவியை அழைத்துப் பேச முயன்றோம், வாய் வரவில்லை. அவர்தான் எங்களைத் தேற்றுவதுபோல, "நீங்க வந்தப்புறம் உக்காந்து பேசிக்கலாம்" என்றார்.

இன்று காலை மேசையைத் துடைத்தபின் அந்தக் காகிதக் கட்டை மகன் கையில் கொடுத்தோம். "இப்போதைக்கு வேண்டாம்ப்பா. கால் நடக்கிறவரைக்கும் அங்கே இருக்கோம்" என்றோம். அவன் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் மேசை இழுப்பறையில் வைத்தான். கிழித்துப் போடவில்லை. நாங்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

துபாய் வழியாகச் சென்னை சேர்ந்து, ஒரு நாள் தூங்கி எழுந்ததும், மந்தைவெளியில் பேருந்து ஏறி அடையாறு போக வேண்டும். ஒருவர் எங்களுக்காக மூன்று மாதங்களாகப் பேசாமல் வைத்திருக்கிற பேச்சு அங்கே இருக்கிறது. பேத்தி விழித்ததும் அவளிடம் இதைத்தான் சொல்லப்போகிறோம்: வீட்டில் யாரும் இல்லை, ஊரில் இருக்கிறார்கள். அவளுக்கு எவ்வளவு புரியும் என்று தெரியவில்லை. அதற்குள் இரண்டாவது பெட்டியை மறுபடியும் எடை பார்த்துவிட வேண்டும். அரை கிலோ கூடுகிறது.