தலைக்கட்டு

2024, நோன்பு 4

மதரஸா மாடியில் பெண்கள் தராவீஹ். புதிதாகக் கலிமா சொன்ன நர்ஸ் பெண் கடைசி வரிசையில் நின்றாள். ஸலாம் கொடுத்து முடிவதற்குள் ஆளாளுக்குப் பாடம். ஒருத்தி மக்கனாவை இழுத்துவிடுகிறாள், இன்னொருத்தி கைகட்டும் விதத்தைத் திருத்துகிறாள். நடுவில் அந்தக் கேள்வி: "யாரைக் கட்டிக்கிட்டும்மா வந்தே?" யாரையும் இல்லை. குர்ஆன் தர்ஜுமா படித்து வந்தவள். நம்பத்தான் ஆளில்லை.

சஹருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "ஹாஸ்டல்ல ஏழு மணிக்குத்தான் ராத்தா அடுப்பே பத்த வைப்பாங்க. பன்னும் வாழைப்பழமும்தான்."

நோன்பு 5

ராத்திரியே மகனிடம் கேரியர் கொடுத்தனுப்பினேன். மூன்றரைக்கு போன் போட்டு எழுப்பினேன். இனி தினமும்.

நோன்பு 11

எதிர்வீட்டு மாமி ஸகாத் கவரை அவள் கையில் திணிக்கப் பார்த்தார். ஸகாத் பெறும் எட்டு வகையினரில் உள்ளம் இணக்கப்பட வேண்டியவர்களையும் குர்ஆன் சொல்கிறதுதான். ஆனால் மாமி அதை நினைத்துக் கொடுக்கவில்லை. புதுசாக வந்தவள் என்றால் இல்லாதவள் என்று கணக்கு. "எனக்குச் சம்பளம் வருது மாமி" என்று சிரித்துவிட்டாள். எனக்குத்தான் எரிச்சல்.

நோன்பு 17

அவளுடைய சாதிச் சான்றிதழ் பற்றிப் பேச்சு. தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007-இல் வந்தது. லெப்பை, தக்கனி, ஷேக், சையது என ஏழு பிரிவுகள். ராவுத்தர், மரைக்காயர் லெப்பைக்குள் அடக்கம். இடையில் மார்க்கத்துக்கு வந்தவர்கள் எதிலும் அடங்காமல் பொதுப்பிரிவில் நின்றார்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின, பட்டியல் சாதிகளிலிருந்து வந்தவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாக ஏற்க இந்த மார்ச்சில்தான் அரசாணை.

அரசாங்கம் விட்டாலும் நம் தெரு விடாது. வரன் பேச்செடுத்தால், "ராவுத்தர்ல பொண்ணா இல்லை?" அடிமையாக இருந்து மார்க்கத்துக்கு வந்த பிலாலைப் பற்றிய பயானுக்குக் கண்கலங்குவதும் இதே தெருதான்.

நோன்பு 26

அவள் பெயரைப் பதிய ஜமாஅத் ஆபீஸ் போனோம். நிக்காஹுக்குக் கடிதம், மவுத்தானால் மையவாடியில் இடம், எல்லாம் பதிவேட்டை வைத்துத்தான். தகப்பனார் பெயர் வந்ததும் செயலாளர் வழக்கம்போல "அப்துல்லாஹ்" என்று எழுதப் போனார். ஹஜ்ரத் தடுத்தார்: பெற்ற தகப்பன் பெயரை மாற்ற மார்க்கத்தில் இடமில்லை. அவள் அப்பா பெயரே ஏறியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்து, சந்தா கட்டும் குடும்பக் கணக்கில் எந்தத் தலைக்கட்டு? ஆம்பளை இல்லாமல் தனித் தலைக்கட்டு கிடையாதாம்; செயலாளர் எங்கள் வீட்டோடு சேர்க்கிறாராம். விதவையான எதிர்வீட்டு மாமிக்குத் தனி சந்தா ரசீது போடுகிறீர்களே என்றேன். நிர்வாகக் கூட்டத்தில் வைக்கிறாராம். பெருநாள் கழிந்துதான் கூட்டம். தேதி கேட்டு வைத்திருக்கிறோம்.