அத்தை கேட்ட வஞ்சிரம்

போன வைகாசியில் உத்திரமேரூருக்குப் போயிருந்தேன். காய்ச்சலில் கிடந்து எழுந்த அத்தைக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. "ரெண்டு துண்டு வஞ்சிரம் வறுத்துப் போடுடி, சோறு இறங்கும்" என்றாள்.

நல்ல வேளையாக, வாசலில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வருகிறவள். மகன் வண்டி ஓட்ட, பின்னால் ஐஸ் பெட்டி.

"வஞ்சிரம் என்ன விலை?"

"கிலோ 1,200 கண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. தை மாதம் 700 ரூபாய்க்கு வாங்கிய மீன்! "எங்களைப் பார்த்தால் ஏமாளியாகத் தெரிகிறதா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நானே சொல்றேன், அதை வாங்காதே. கேரளாவிலேருந்து லாரியில வந்த மீனு. நம்ம போட்டெல்லாம் கரையில இல்லே நிக்குது?"

மறந்தே போய்விட்டேன்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டுமே. 2017க்கு முன்பு 45 நாள்தான். மேற்குக் கரையில் தடை ஜூன் 1ஆம் தேதிதான் தொடங்குகிறது. அதனால் சித்திரையிலும் வைகாசியிலும் அங்கிருந்து லாரி வருகிறது. வாடகையும் ஐஸும் நம் தலையில்.

ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து ஆண்ட ஊர் உத்திரமேரூர். ஆனால் 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும், காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஒரு முழம் கடற்கரைகூட மிஞ்சவில்லை!

"புரட்டாசியில் மலிவாகக் கொடுப்பாயே?" என்றேன் சமாதானமாக.

"அப்போ பாதி வீட்டிலே கவிச்சி கிடையாது. விலை இறங்கும், எங்க வீட்டு அடுப்பும் இறங்கும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போலிருந்தது. வண்டி ஓட்டும் பிள்ளை காசிமேட்டில் விசைப்படகில் போகிறவனாம். தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு?

இறால் என்றால் பண்ணையில் வளர்த்துக் குவித்துவிடலாம். வஞ்சிரத்தைக் கடல்தான் தர வேண்டும். டீசலும் ஐஸும் ஏறுகின்றன. ஓட்டல்காரர்களோ பெரிய மீனாகவே கேட்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் விலை கொஞ்சம் இறங்கலாம்; பழைய விலை திரும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இதைக் கொண்டு போ. விடியக்காலம் நாட்டுப் படகிலே வந்தது" என்று கிழங்கான் எடுத்துக் காட்டினாள். நாட்டுப் படகுக்குத் தடை இல்லை. கிலோ 350. பேரம் பேச வாய் வரவில்லை.

அத்தை முள்ளைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது மீனுக்குக் கையை நீட்டியபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் புறப்படும்போது கேட்டாள்:

"ஆனி பிறந்தா போட்டு கடலுக்குப் போகுமாமே? அப்போ ஒரு நடை வந்துட்டுப் போடி."