மணிக்கு மட்டும் கோடை போகவில்லை

தேராவில், அல் ரிக்கா பக்கம் ஒரு பழைய பில்டிங்கில் இருக்கிறோம். மணி எங்களோடு நான்கு வருஷமாக இருக்கிறான். எதிர் ஃபிளாட் பிலிப்பினோ ஆன்ட்டி வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது எங்களிடம் விட்டுப்போன டாஷ்ஹண்ட். அவர் வைத்த பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை, மணி ஆகிவிட்டான்.

போன ஜூனில் மணி ஹாலிலேயே மூத்திரம் போக ஆரம்பித்தான். அதுவரை ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. ராத்திரி எழுந்த அப்பா அதில் வழுக்கி விழப் பார்த்தார். "ஒன்பது வயசுல இப்பத்தான் கொழுப்பு ஏறுது இவனுக்கு" என்று கத்தினார். நானும் கத்தினேன்.

தண்ணீரும் நிறையக் குடித்தான், எப்போதும் மூச்சு வாங்கினான். யாரைக் கேட்டாலும் வெயில் என்றார்கள். ஜூலையில் தேராவில் எது நடந்தாலும் வெயில்தான் காரணம். வயிறு உப்பியதையும் நாங்கள் சந்தேகப்படவில்லை. "நம்ம கையால சாப்பிட்டு உடம்பு தேறியிருக்கு" என்று அம்மாவுக்குப் பெருமை வேறு. (நம் வீடுகளில் தொப்பை என்றால் ஆரோக்கியம்தானே!) முடி கொட்டியதற்கு ஏசியைக் குறை சொன்னோம்.

நவம்பரில் அப்பா, "யாருக்காவது கொடுத்துடலாம்" என்றார். பில்டிங் நாத்தூரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

டிசம்பரில் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவோம் இல்லையா? அப்படி ஒரு ராத்திரி. நான் போர்வைக்குள் இருக்கிறேன், மணி கட்டிலுக்கு அடியில் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குகிறான். அம்மா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "இவனுக்கு மட்டும் ஏன்டா இன்னும் கோடை போகல?"

மறுநாள் ஒன்றரை லிட்டர் மசாஃபி பாட்டிலை நிரப்பி, அதிலிருந்து மட்டும் அவன் கிண்ணத்தில் ஊற்றினார். ராத்திரிக்குள் பாட்டில் காலி. மணியின் எடையோ எட்டுக் கிலோ. ஒரு நாய் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் உடனே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். மணிக்கு அது 800 மில்லி.

அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை, ஆயின்மென்ட் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். அதை ரொம்ப நாள் கொடுத்தாலும் இதே மாதிரி ஆகுமாம். நாங்கள் கொடுக்கவில்லை. பிறகு ஒரு பகல் முழுக்க டெஸ்ட். ரத்தம் எடுத்து ஒரு ஊசி போட்டார்கள். நாலு மணி நேரம் கழித்து ரத்தம், எட்டு மணி நேரம் கழித்து மறுபடியும். அந்த ஊசி ஒரு செயற்கை ஸ்டீராய்டு. அது உள்ளே போனதும் நல்ல உடம்பு தன்னுடைய கார்டிசோலைக் குறைத்துக்கொள்ளும். மணியின் உடம்பு குறைக்கவே இல்லை.

குஷிங் நோய். அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1912-ல் மனிதர்களிடம் விவரித்த அதே நோய்தான். சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் உண்டு. ஸ்கேனில் இடப்பக்கத்துச் சுரப்பி வேர்க்கடலை மாதிரி தெரிந்தது. அவை கார்டிசோலைச் சுரக்க, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி உத்தரவு போடும். இந்த நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டி இருக்கும். அது உத்தரவை நிறுத்தாது. கார்டிசோல் கூடினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. மணி நிறையக் குடித்ததால் மூத்திரம் போகவில்லை, நிறையப் போனதால்தான் குடித்தான். அடக்க நினைத்திருந்தாலும் அவனால் முடிந்திருக்காது. தொப்பையும் அம்மாவின் சமையலால் வந்ததில்லை. ஈரல் வீங்கி, வயிற்றுத் தசை தளர்ந்து வந்தது.

இது அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும், ஆனால் கட்டுப்படுத்தலாம். ட்ரைலோஸ்டேன் என்ற மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அளவு கூடினால் கார்டிசோல் ரொம்பக் குறைந்து வாந்தி, சோர்வு வரும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் அடிக்கடி ரத்தம் பார்க்கிறார்கள். கர்ப்பிணிகள் அந்த மருந்தைக் கையாளக் கூடாது. அக்காவுக்கு இது ஆறாவது மாசம். எனக்கோ காலையில் ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் இருக்காது. அந்த வேலை அப்பாவிடம் போனது. கேப்ஸ்யூலை இட்லிக்குள் ஒளித்துக் கொடுக்கிறார்.

ஜனவரியில் நாத்தூர் நாய் வேண்டும் என்று ஒருவரை அழைத்து வந்தார். அப்பா இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

மசாஃபி பாட்டிலில் இப்போது தினமும் ஒரு மார்க்கர் கோடு விழுகிறது. அதைப் போடுவதும் அப்பாதான். நேற்று ராத்திரி பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.